கடுகுச் சனமும் சிவப்புக் கப்பல்களும்

பூம்பொழில் அபார்ட்மென்ட்டில் ஒன்பது நாளுக்கு அப்புறம் குழாயில் தண்ணீர் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருபத்தி நாலு வீட்டுக்காரர்களும் குடத்தோடும் அண்டாவோடும் படியேறி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பன்னிரண்டாம் நம்பர் வீட்டுத் தமயந்தியின் முப்பத்தோரு விண்கப்பல்களிலும் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள்காட்டி விரல் நீளம்தான், பிளாஸ்டிக்தான். அடியில் தாங்கி நிற்க ஒரு ஊசிக்கொம்பு, கொம்புக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு, தட்டில் கப்பலின் பெயர். மேஜைமேல் கறுப்புத் துணியை விரித்து, அதை வானம் என்று வைத்துக்கொண்டு, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டுக்கான கப்பல்கள்.

தமயந்திக்கு நாற்பத்தி நாலு வயது. கோயமுத்தூரில் ஒரு பல் லேபில், செயற்கைப் பல்லுக்கு நிறம் ஏற்றுகிற வேலை. பல் என்றால் வெள்ளை என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அவளைக் கேட்டால் சிரிப்பாள். வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு மஞ்சள், காப்பி குடிக்கிறவருக்கு ஒரு மஞ்சள் என்று ஆளுக்கு ஒரு மஞ்சள் கலந்து, மூன்றே முடி வைத்த தூரிகையால் தொட்டுத் தொட்டு வைக்கிற கை அது. அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து, கண்ணுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு, பதினோரு வருஷமாகக் கப்பல் சேர்த்தாள், கப்பல் தீட்டினாள். கல்யாணத்துக்கு நேரமில்லை என்று அவள் சொன்னாள். மனசில்லை என்று பில்டிங் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழே இருக்கிற ஹாலில் மூன்றாம் நம்பர் கோபிநாத்தோடு விளையாடுவாள். அந்த விளையாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: தீட்டாத கப்பல் மேஜை ஏறக்கூடாது. கோபிநாத்திடம் இருபது கப்பல் வெறும் சாம்பல் அடிப்பூச்சோடு எட்டு வருஷமாக ஷூ டப்பாவில் கிடந்தன. "வர்ற வாரம் கண்டிப்பா தீட்டிடறேனுங்க தமயந்தி" என்று எட்டு வருஷமும் சொல்லி, எட்டு வருஷமும் அவளுடைய கப்பலிலேயே பாதியை வாங்கி அவளோடேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முப்பத்தோராவது கப்பலின் கடைசி ஜன்னலுக்கு, லேபில் மிச்சமான பல் மஞ்சளில் ஒரு பொட்டு வைத்தாள் தமயந்தி. வைத்ததும் முப்பத்தோரு கப்பலிலும் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. படைக்குத் தலைமையான கொடிக்கப்பல் கார்மேகத்தின் முன்ஜன்னல் திறந்து, கடுகளவு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். கொசு பாடுவதுபோல மெல்லிசாக, ஆனால் தெளிவாக, "அம்மிணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்றான். "இப்பத்தான் குழாயில வந்துது சாமி, இரு" என்று சொல்லிவிட்டு, தூரிகை நுனியில் ஒரு சொட்டு எடுத்துவந்து ஒவ்வொரு ஜன்னலாக வைத்தாள் தமயந்தி. நாற்பது நாற்பது பேராக வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் பில்டிங்கே வந்துவிட்டது. எதிர்வீட்டு ராஜாமணி அக்கா லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, கறி திம்பாங்களா?" என்று கேட்டாள். சங்கச் செயலாளர் திருமூர்த்தி, கிரைண்டர் கடை வைத்திருக்கிறவர், விதிப் புத்தகத்தோடு வந்தார். விருந்தாளி பதினைந்து நாளுக்கு மேல் தங்கினால் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. விருந்தாளியின் உயரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நாலாம் மாடிக்காரர் ஒருவர், இத்தனை பேர் நடமாடினால் லிஃப்ட் தேய்மானம் என்ன ஆவது என்று கவலைப்பட்டார். யாரும், இது எப்படி நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. மோட்டார் ஓடுகிறதா, மேல்தொட்டி நிறைந்ததா என்ற கவலையே அன்றைக்கு அவரவருக்குத் தலைக்குமேல் இருந்தது. "கடுகுச் சனம்" என்று ராஜாமணி அக்கா பெயர் வைத்தாள், பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல ஒரு ஆட்டம் போட்டார்கள். பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் ஒரு அடி. மூன்று அடி பட்டால் கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். இரண்டு கப்பல் சாய்ந்தன. ஆட்டம் முடிந்து நிமிர்த்திப் பார்த்தால், உள்ளே எண்பது பேரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வரிசையாகப் படுத்து உயிரை விட்டிருந்தார்கள். அடியும் இல்லை, காயமும் இல்லை. "பகடை சொல்லிடுச்சுங்களே அம்மிணி, அப்புறம் எப்படி உசுரோட இருக்கறது?" என்று கார்மேகம் கேட்டான். கொடிக்கப்பலின் பெயரையே அந்தக் கேப்டன் தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தான். நமக்குக் கோர்ட்டு, போலீஸ், ஜோசியம் எல்லாம் இருக்கிறது. அவர்களுக்குப் பகடை ஒன்றுதான். தமயந்தி அன்றைக்குப் பகடையை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று அழுதாள்.

அதற்கப்புறம் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது கார்மேகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். லேபில் யார் பல் உடைந்தது, யார் பல்லுக்கு எந்த மஞ்சள் என்று அவள் சொல்ல, அவன் உம் கொட்டிக் கேட்பான். அவனுக்கும் அவன் பெண்டாட்டி செவந்திக்கும் ஒரு பெண் பிறந்தபோது, "உங்க பேரையே வெச்சிருக்கோமுங்க" என்றான். நாற்பத்தி நாலு வருஷத்தில் ஒருத்தரும் தமயந்தியின் பெயரைக் கேட்டு வாங்கினதில்லை.

ராஜாமணி அக்காவின் காதுமெஷின்தான் ஆரம்பம். அதன் ஓட்டையில் அழுக்கு அடைத்துக்கொண்டது. ஊசி போகாது, துணி போகாது. "உன் ஆளுங்களைக் கொஞ்சம் விடேன் கண்ணு" என்றாள். இரண்டு பேர் இறங்கிச் சுத்தம் பண்ணிவிட்டு வந்தார்கள். அக்கா அவர்களுக்கு ஒரு சீனித் துளி கொடுத்தாள். அதற்கு மறுநாள் கைக்கடிகாரம் வந்தது, அடுத்து தையல் மெஷின், மிக்ஸி, ஷவரின் உப்படைத்த துளைகள், கேஸ் அடுப்பின் பர்னர். சங்கம் ஒரு நோட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை எந்தக் கப்பல் என்று எழுதிவைத்தது. தமயந்தி வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் ராஜாமணி அக்காவிடம் சாவி இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். தமயந்தியும் முதலில் பெருமைப்பட்டாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பட்டாள்தான். பதினோரு வருஷமாகப் பொம்மை வைத்து விளையாடுகிறவள் என்று பார்த்த பில்டிங், அவளை இப்போது படியில் பார்த்தால் நின்று வணக்கம் சொன்னது.

பதினேழாம் நம்பர் வீட்டில், பர்னருக்குள் ஈசல் என்ற கப்பலின் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்து டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். அந்த வீட்டம்மா அழுதாள், நிஜமாகவே அழுதாள். "அடப் பாவமே, முருகா, என் கையாலயா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னொரு பர்னர் பாக்கி இருக்கிறது, புதன்கிழமைக்கு வேறு கப்பல் கிடைக்குமா என்று கேட்டாள்.

பிறகு சாக்கடைக் குழாய். அடைப்பு எடுக்கிற ஆளுக்கு ஃபோன் போட்டால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். கடுகுச் சனம் பக்கத்திலேயே இருக்க அந்த ஆள் எதற்கு? நூலில் கட்டி இறக்கினால் குழாய்க்குள் போய்க் கொழுப்பையும் முடியையும் சுரண்டித் தள்ளிவிட்டு, நூலை இரண்டு தரம் சுண்டுவார்கள், மேலே இழுத்துக்கொள்ளலாம். இதில் பில்டிங்குக்கு ஒரே ஒரு சங்கடம்தான் வந்தது, அதற்கும் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள்: குழாய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களைச் சாப்பாட்டு மேஜைமேல் வைக்கக்கூடாது, அவர்களுக்கென்று வாசலுக்கு வெளியே தனியாக ஒரு தட்டு. தமயந்தி எழுந்து நின்று, "அவங்களும் நம்மள மாதிரி..." என்று ஆரம்பித்தாள். திருமூர்த்தி ரொம்ப மரியாதையாக, "ஏம்மா தமயந்தி, உங்க லேப்ல கிளவுஸ் போடறதில்லையா? சுத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த உட்கார்ந்ததை நினைத்து நினைத்துப் பின்னால் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நம்பர் வீட்டுச் சமையலறைக் குழாய்க்குள் செவந்தியும் பதினோரு பேரும் இறங்கியிருந்தபோது, நூல் சுண்டப்படும் முன்னாலேயே, யாரோ பழக்கதோஷத்தில் ஆசிட்டை ஊற்றிவிட்டார்கள். நூல் மட்டும் மேலே வந்தது, அதுவும் பாதி.

மறுநாள் காலை இருபத்தாறு கப்பலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டன. மெஷினிலும் அடுப்பிலும் குழாயிலும் போனது போக அவ்வளவுதான் மிச்சம் இருந்தன. கார்மேகம் மட்டும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்ஜன்னலில் நின்று, "இனி ஒருத்தரும் வரமாட்டோமுங்க" என்றான். பில்டிங் கொதித்துப்போனது. தண்ணி கொடுத்தோம், சீனி கொடுத்தோம், இடம் கொடுத்தோம், இப்ப வாயைப் பாரு என்றது. குழாயெல்லாம் அடைத்துக்கொண்டு மூன்றாம் நாள் நாற்றம் எடுத்ததும், திருமூர்த்தி பன்னிரண்டாம் நம்பருக்கு வந்து, குனிந்து, கார்மேகத்திடமே நேராகப் பேசினார். "உங்களுக்குப் பகடைதானப்பா சட்டம்? மேஜையிலயே தீத்துக்கலாம். நீங்க ஜெயிச்சா குழாய் பக்கம் கூப்பிட மாட்டோம். தோக்கறவங்க வேலை செய்யோணும். சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றான் கார்மேகம். "ஆனா எதிர்க்க நிக்கற கப்பலைத் தீட்டியிருக்கோணும். தீட்டாத கப்பலோட சண்டை போட எங்க முறையில்லீங்க."

பில்டிங்கில் எல்லோரும் தமயந்தியைப் பார்த்தார்கள். கோபிநாத் ஓடிப்போய் ஷூ டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

தமயந்தியின் கப்பல்கள் எல்லாம் கறுப்பு என்பதால், எதிரிக்குச் சிவப்பு என்று முடிவானது. பன்னிரண்டு நாள் லீவு போட்டுத் தீட்டினாள் தமயந்தி. ஜன்னல் மட்டும் வைப்பதில்லை என்று மனதுக்குள் உறுதி பண்ணிக்கொண்டாள். ஜன்னல் இல்லையென்றால் ஆள் இல்லை. வெறும் பிளாஸ்டிக்கைச் சாய்த்துவிட்டுக் கார்மேகத்தையும் அந்தக் குழந்தையையும் காப்பாற்றிவிடலாம். நல்ல யோசனைதான். யாரும் ஜன்னலைக் கேட்கவும் இல்லை. திருமூர்த்திக்குக் கப்பலின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பதே தெரியாது. ஆனால் பதினோராம் நாள் இருபது கப்பலையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, அந்தக் குருட்டு ஜன்னல்கள் முன்பல் போன வாய்போல அவளைப் பார்த்து இளித்தன. இருபது வருஷமாக ஒரு பல்லைக்கூட அரைகுறையாக அனுப்பாத கை அது. ஹாலில் நூறு பேர் பார்க்கப்போகிறார்கள், கோபிநாத் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். தமயந்தியா இப்படித் தீட்டினாள் என்பார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று, பல் மஞ்சளைத் தொடாமல் கடையில் வாங்கின சாதா மஞ்சளில் ஒரு ஜன்னல் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று இன்னொன்று வைத்தாள். அப்படியே ஒரு கப்பல், இரண்டு கப்பல், பத்தொன்பது கப்பல். முதல் தரமும் கடைசி ஜன்னலில்தானே எல்லாம் நடந்தது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இருபதாவது கப்பலின் கடைசி ஜன்னலுக்கு முன்னால் தூரிகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஒன்று மட்டும் குருடாக இருந்தால் மொத்த வேலையும் அசிங்கமாகத் தெரிந்தது. வைத்தாள்.

இருபது சிவப்புக் கப்பலிலும் விளக்கு எரிந்தது. எண்ணூறு பேர் எட்டிப் பார்த்தார்கள். கைக்குழந்தைகளும் இருந்தன.

பத்து மணிக்கு ஹாலில் ஆட்டம். கறுப்புத் துணியின் அந்தக் கோடியில் சிவப்பு விளக்குகளைப் பார்த்துவிட்டு, "அவங்க யாருங்க?" என்று தமயந்தியைக் கேட்டான் கார்மேகம்.

"எதிரி."

"எப்பப் பொறந்தாங்க?"

"காலையில."

"பாவம்" என்றான். "சீக்கிரம் முடிச்சிடலாமுங்க."

சிவப்புக்குத் திருமூர்த்தி உருட்டினார், கறுப்புக்குத் தமயந்தி உருட்டினாள். தோற்றால் குழந்தையோடு கார்மேகம் குழாய்க்குள் போக வேண்டும். ஜெயித்தால், மூன்று மணி நேரத்துக்கு முன்னால் தன் கையால் உண்டாக்கின ஜனத்தைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும். பகடை அவளுடைய கைக்குள் ஈரமாகிப் போனது. கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். ஆறும் ஆறும் ஐந்துமாக விழுந்தது. அன்றைக்கு அவள் கைக்கு வந்த யோகத்தை யார் கண்டார்கள், சனியன் பிடித்த யோகம்! ஒரு சிவப்புக் கப்பல் சாயும், சுற்றி நிற்கிற கூட்டம் ஐயோ என்று உச்சுக் கொட்டும், உடனே அடுத்ததைப் பார்க்கும். ராஜாமணி அக்கா தட்டில் கடலை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். சாய்ந்த கப்பல்களின் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. உள்ளேயிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை, பிறந்து மூன்று மணி நேரமே ஆனவர்களுக்கும் பகடையின் பேச்சு புரிந்திருந்தது.

கறுப்பில் மூன்று சாய்ந்து, சிவப்பில் பதினொன்று சாய்ந்தபோது தமயந்தி பகடையைக் கீழே போட்டுவிட்டு, "போதும், என்னால முடியாது" என்று அழுதாள். எல்லோரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் மிச்சமிருந்த ஒன்பது சிவப்புக் கப்பலையும் அப்போதுதான் குனிந்து, லென்ஸ் வைத்து, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"சரிம்மா, அழுகாதீங்க. நிறுத்திக்கலாம். நாங்க தோத்துட்டோம்னே வெச்சுக்கங்க" என்றார். கூட்டம் முணுமுணுத்தது. அவர் கையமர்த்திவிட்டுக் கார்மேகத்தைப் பார்த்தார். "தோத்தவங்க வேலை செய்யோணும்கறதுதானப்பா பேச்சு?"

"ஆமாங்க" என்றான் கார்மேகம்.

"தோத்தது யாரு?"

தமயந்தி கார்மேகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டியை இழந்தவன், நூல் பாதியாக மேலே வந்ததைப் பார்த்தவன், அவனுக்குத் தெரியாததா? தன் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்குகளை ஒருதரம் பார்த்துவிட்டு, "சிவப்புங்க" என்றான். "பகடை சொன்னாச்சுங்களே."

அன்றைக்குச் சாயங்காலமே ஐந்தாம் நம்பர் வீட்டுக் குழாயில் சிவப்பு ஆட்களை இறக்கினார்கள்.

அதற்கப்புறம் பூம்பொழிலில் சண்டை சச்சரவு இல்லை. கறுப்புக் கப்பல்களுக்கு ஹாலில் கண்ணாடி அலமாரி செய்து வைத்தார்கள். சங்கக் கூட்டத்தில் கார்மேகத்தை மேஜைமேல், திருமூர்த்தியின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எந்தக் குழாய்க்கு எத்தனை பேர், நூல் எத்தனை முழம் என்று அவனே கணக்காகச் சொன்னான். அவனுக்குத்தான் உள்ளே போன அனுபவம் இருந்தது. ஆசிட் ஊற்றுகிற தப்பு அவன் மேற்பார்வையில் குறைந்தது, சாவும் கொஞ்சம் குறைந்தது. அதை எல்லோரும் பாராட்டினார்கள். சிவப்புக் கப்பலைத் தங்கள் அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வாசலுக்கு வெளியே தட்டு இருக்கிறதே என்று கறுப்பு ஆட்கள்தான் முதலில் சொன்னார்கள். "இப்பத்தான் நம்ம பில்டிங்காரன் மாதிரி இருக்கான்" என்று கார்மேகத்தைப் பார்த்து ராஜாமணி அக்கா வாய்விட்டே சொன்னாள்.

தமயந்தி தட்டுக்குப் பக்கத்தில் யாரையும் நிறுத்திக்கொள்ளவில்லை. வாசல் தட்டில் இருக்கிற சிவப்பு ஆட்களுக்கு லேபுக்குப் போகும்போது தூரிகையில் தண்ணீர் வைப்பாள். அவர்கள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் குடிப்பார்கள். நாலு மாசத்தில் ஒன்பது கப்பல் மூன்றாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, கோபிநாத் ஒரு புது டப்பாவைக் கொண்டுவந்து அவளுடைய மேஜைமேல் வைத்தார். பத்துக் கப்பல், புதுசு. கூடவே கார்மேகத்தையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

"சங்கத்துல பேசி முடிச்சாச்சுங்க அம்மிணி" என்றான் கார்மேகம். "சிவப்புங்க தீந்துட்டே வர்றாங்க. பெயிண்ட் அடிச்சுக் குடுத்தீங்கன்னா மழைக்காலத்துக்கு ஆகுமுங்க."

"நான் மாட்டேன்."

"பேரெல்லாம் எழுத வேண்டாமுங்க. நம்பர் போட்டாப் போதும்."

"மாட்டேன்னு சொல்றேன்ல? உன் செவந்தி போன வழியிலதான இவங்களையும் அனுப்பறே? உனக்கு நெஞ்சு இல்லையா?"

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டான். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, பழைய நாளில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசின அதே குரலில்தான் சொன்னான். "நெஞ்சு இருக்கறதாலதானுங்க வந்திருக்கேன். இவங்க இல்லீன்னா எங்களத்தான் கூப்பிடுவாங்க. என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டாளுங்க. அவளுக்கு உங்க பேருதானுங்களே."

ஜன்னலில் அந்தக் கடுகுத் தமயந்தி அப்பன் காலைப் பிடித்துக்கொண்டு நின்று இவளைப் பார்த்துச் சிரித்தது. தமயந்தி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, கண்ணுக்கு லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சிவப்பேதானா?" என்று கேட்டாள்.

"எந்த நிறம்னாலும் சரிங்க" என்றான் கார்மேகம். "எங்க நிறம் மட்டும் வேண்டாமுங்க."